தலையில் ஊசி உருட்டுமுன்

2013ஆம் ஆண்டு, மும்பை சயன் பகுதியிலுள்ள லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவக் கல்லூரியில் தோல் வைத்தியர் ரச்சிதா துரத்தும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். வழுக்கை ஓரளவு விழுந்துவிட்ட 100 ஆண்களை அவர்கள் இரண்டு பிரிவாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பிரிவினர் 5 சதவீத மினொக்சிடில் திரவத்தை நாளுக்கு இருமுறை தலையில் பூசினார்கள். மற்றப் பிரிவினர் அதே மருந்தைப் பூசியதோடு, வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து, நுண்ணூசிகள் பதித்த சிறு உருளையைத் தலையில் உருட்டுவித்துக்கொண்டார்கள். 12 வாரம் கழித்து, பச்சை குத்தி அடையாளம் வைத்திருந்த அதே இடத்தில் முடியை எண்ணினார்கள். மருந்து மட்டும் பூசியவர்களுக்குச் சராசரியாக 22 முடி கூடியிருந்தது. ஊசியும் சேர்ந்தவர்களுக்கு 91 கூடியிருந்தது.

அந்த எண்ணுக்குப் பிறகு இந்தச் சின்ன உருளை முடிக்காகவும் பரவலாகப் பேசப்பட்டது. இன்று இலங்கையின் மாவனல்லையில் கண்டி வீதியோரம் பஸ்ஸுக்கு நிற்கும் இளைஞன் தன் ஃபோனிலேயே அதற்கு ஓடர் கொடுக்கலாம். சில நாளில் பார்சல் தோட்டத்துக்கே வந்துவிடும். ஆஸ்பத்திரியில் வைத்தியர் கையில் நடந்த காரியம் லயத்துக் கண்ணாடிக்கு முன்னால் நடக்கிறது. உருளை வீடு வந்து சேர்கிறது. அதைப் பிடிக்கும் முறை கூடவே வந்து சேர்வதில்லை. முடி கொட்டுகிறதே என்ற கவலை சின்ன விஷயமில்லை. கல்யாணம் பேசும் வயதில் அது ஒருவரை எவ்வளவு குறுக வைக்கும் என்பது நமக்குத் தெரியும். அந்தக் கவலையோடு உருளையைக் கையில் எடுப்பவருக்கு, தலைத்தோலுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டிய கடமை இருக்கிறது.

நான் சொல்ல வருவதன் சாரம் இதுதான்: இந்த முறையில் முடியை வளர்ப்பது ஊசி போடும் காயமில்லை, அந்தக் காயத்தைத் தோல் ஆற்றிக்கொள்ளும் வேலை. ஆறுவதற்கு உதவுவதெல்லாம் சிகிச்சை. ஆறுவதைக் கெடுப்பதெல்லாம் ஆபத்து. வீட்டில் கடைப்பிடிக்கவேண்டிய எல்லா விதிகளும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

முடிப்பைக்குள் நடப்பது

தலையில் ஏறத்தாழ 100,000 முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தோலுக்குள் புதைந்திருக்கும் ஒரு நுண்பையிலிருந்து முளைக்கிறது. அந்தப் பைக்கு ஒரு சுழற்சி உண்டு. 2 முதல் 6 ஆண்டுவரை முடியை வளர்க்கும். பிறகு இரண்டு மூன்று வாரம் சுருங்கும். அதன்பின் ஏறத்தாழ 3 மாதம் ஓய்வெடுக்கும். ஓய்வு முடியும்போது பழைய முடி விழுந்து புதிய முடி கிளம்பும். ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பான கணக்குத்தான்.

ஆண்வழுக்கையில் இந்தச் சுழற்சி மெல்ல மெல்லக் குறுகுகிறது. டெஸ்டோஸ்டெரோன் என்ற ஹோர்மோனை உடலிலுள்ள ஒரு நொதியம் இன்னும் வீரியமான டைஹைட்ரோடெஸ்டோஸ்டெரோனாக மாற்றுகிறது. பரம்பரையால் அதற்கு எளிதில் பாதிக்கப்படும் நுண்பைகள் ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்துப்போகின்றன. கனத்த முடி வந்த இடத்தில் மெல்லிய முடியும், பிறகு வெறும் பூனைமுடியும் வருகின்றன. அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல் இதைத் தெளிவாகக் காட்டினார். இளவயதிலேயே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு ஹோர்மோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு மட்டும் அது தொடங்கியது. பெண்களுக்கும் பரம்பரையாக முடி மெலிவதுண்டு. அவர்களுக்குப் பெரும்பாலும் நெற்றி ஏறுவதில்லை. நடுவகிடு அகலமாகிக்கொண்டே போகும்.

இதில் நம்பிக்கை தரும் செய்தி ஒன்று இருக்கிறது. பூனைமுடியை வளர்க்கும் பை சிறுத்திருக்கிறது, ஆனால் உயிரோடு இருக்கிறது. அதைத் தட்டி எழுப்புவதுதான் எல்லாச் சிகிச்சைகளின் முயற்சியும். வருடக்கணக்காகப் பளபளவென்று வழவழப்பாகிவிட்ட இடத்தில் எழுப்புவதற்குப் பெரும்பாலும் எதுவும் மிச்சமில்லை. அங்கே ஊசியை உருட்டிப் பலன் எதிர்பார்க்க முடியாது.

ஊசி செய்வது என்ன

இந்த யோசனை முடிக்காகப் பிறந்ததில்லை. 1997இல் கனடாவின் மொன்றியலில் கமிராண்ட், டூசே என்ற இரு வைத்தியர்கள், மையில்லாத பச்சைகுத்தும் கருவியால் தழும்புகளைக் குத்தி, அவை மென்மையடைவதைக் கவனித்தார்கள். தென்னாபிரிக்காவின் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸ் ஊசிகளை உருளையில் பதித்து அதை எளிதாக்கினார். தழும்புக்கு வந்த கருவி பிறகுதான் தலைக்கு ஏறியது.

ஊசி தோலைத் துளைத்ததும் அங்கே இரத்தத் தட்டுகள் கூடி வளர்ச்சிக் காரணிகளை வெளிவிடுகின்றன. புதிய நுண் இரத்தக்குழாய்கள் முளைக்கத் தூண்டும் பொருட்களும் அவற்றில் உண்டு. நுண்பையின் பக்கவாட்டில் ஒரு சிறு புடைப்பில் தங்கியிருக்கும் மூலக்கலங்களுக்கு இந்தச் செய்தி போகிறது. காயத்தை ஆற்றும் சமிக்ஞைகளும் முடியை வளர்ச்சிக் காலத்துக்குள் தள்ளும் சமிக்ஞைகளும் பெருமளவு ஒன்றே. எலிகளில் செய்த சோதனைகளில், நுண்ணூசி பட்ட தோலில் முடிவளர்ச்சியோடு தொடர்புள்ள இந்தச் சமிக்ஞைப் புரதங்கள் அதிகரித்தன. இன்னொரு பலன் நேரடியானது: மேல்தோலில் துளை விழுவதால் பூசும் மருந்து உள்ளே போவது கூடுகிறது. மருந்துக்கு வழிவிடும் அதே துளை கிருமிக்கும் வழிவிடும் என்பதை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைக் கவ்வாத்தை வைத்துச் சொன்னால் உடனே விளங்கும். செடியைக் காலம் பார்த்து வெட்டினால் புதுத் தளிர் அடர்ந்து வருகிறது. ஆனால் கத்தி கூராக இருக்கவேண்டும்; வெட்டு சுத்தமாக விழவேண்டும்; செடியின் வேரில் சத்து இருக்கவேண்டும்; வெட்டியபின் அதை விட்டுவைக்கவேண்டும். நலிந்த செடியைக் கவ்வாத்துச் செய்தால் பட்டுப்போகும். துளிர்க்கும்முன் மறுபடி வெட்டினாலும் அதே கதிதான்.

ஆய்வுகளை எப்படி வாசிப்பது

மும்பை சோதனையின் எண் உண்மையானது. ஆனால் அது எந்தச் சூழலில் வந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். பங்கேற்ற அனைவரும் ஆண்கள். பரம்பரை வழுக்கை என்று உறுதிசெய்யப்பட்டவர்கள். உருளையின் ஊசி நீளம் 1.5 மில்லிமீற்றர். தலையைக் கிருமிநாசினியால் துடைத்து, வைத்தியர்களே உருட்டினார்கள். தோல் இலேசாகச் சிவந்ததும் நிறுத்தினார்கள். உருட்டிய நாளில் மினொக்சிடில் பூசவிடாமல் 24 மணி நேரம் கழித்தே தொடரச் சொன்னார்கள். எண்ணியவருக்கு யார் எந்தப் பிரிவு என்று தெரியாது. பங்கேற்றவர்களுக்கோ தாம் ஊசி பெறுவது தெரியும்.

பின்வந்த ஆய்வுகள் அதே திசையைக் காட்டினாலும், அவற்றில் கூடிய முடியின் அளவு குறைவு. கர்நாடகத்தின் விஜயபுராவில் 68 ஆண்களிடம் செய்து 2018இல் வெளியான ஆய்வில், ஊசியும் மருந்தும் சேர்ந்தவர்களுக்குச் சதுர சென்ரிமீற்றருக்குச் சராசரி 12 முடியளவு கூடியது. மருந்து மட்டும் பூசியவர்களுக்கு 2 முடியளவு. 2021இல் ஈரானிலிருந்து வெளியான ஆய்வு வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு மிக முக்கியமானது. அங்கே 0.6, 1.2 மில்லிமீற்றர் ஆழங்களை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் ஒப்பிட்டார்கள். குறைந்த ஆழமே நல்ல பலனைத் தந்தது. நீள ஊசி கூடுதல் முடி தரும் என்று நினைத்து 2 மில்லிமீற்றர் உருளை வாங்குபவர், அதிக வலியையும் தழும்பையும்தான் விலை கொடுத்து வாங்குகிறார்.

இன்னொன்றும் கவனியுங்கள்: இந்தச் சோதனைகளில் ஊசி மருந்தோடு சேர்ந்தே வெற்றி பெற்றது. ஊசி மட்டும் போதும் என்பதற்கு அவை சான்றாகா.

முதலில் இது எந்த உதிர்வு

இந்தக் கேள்வியைத் தாண்டாமல் உருளையைத் தொடவே கூடாது. நம் பகுதியில் முடி கொட்டுவதற்குக் காரணம் பல நேரங்களில் பரம்பரை வழுக்கை இல்லை.

டெங்கு, சிக்குன்குனியா, எலிக்காய்ச்சல் போன்ற கடுங்காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி விழுவதுண்டு. பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் அப்படித்தான். உடல் அதிர்ச்சியில் ஏராளமான நுண்பைகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விட்டு, ஓய்வு முடிந்து ஒன்றாக உதிர்க்கின்றன. பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே திரும்பி வரும். இங்கே ஊசிக்கு வேலையில்லை.

தோட்டத்துப் பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவு நெடுநாளைய பிரச்சினை. இரத்தச்சோகை முடியையும் மெலியவைக்கும். ரொட்டியோடும் சோற்றோடும் சேர்த்துத் தேத்தண்ணி குடிக்கும்போது, தேயிலையிலுள்ள தனின் உணவிலுள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்வதைத் தடுக்கிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடித்தால் அந்தத் தடை குறையும். தைரொய்ட் குறைபாடும் இப்படியே முடியைக் கொட்டவைக்கும். இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். நலிந்த செடியைக் கவ்வாத்துச் செய்யக்கூடாது என்ற விதி இவர்களுக்கே முதலில் பொருந்தும்.

கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் மாட்டி நாள் முழுக்க இழுக்கும் இடத்திலும், இறுக்கிக் கட்டிய கொண்டையின் ஓரத்திலும் முடி மெலிந்தால் காரணம் இழுவை. கயிறு படும் இடத்தில் மடித்த துணி வைப்பதும் முடியைத் தளர்த்திக் கட்டுவதும்தான் அதற்கு மருந்து. வட்டமாக, சில்லறைக்காசு அளவில் திடீரென்று முடி போகும் புழுவெட்டுக்கு எந்தப் புழுவும் காரணமில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் முடிப்பையையே தாக்குவதால் வருவது அது. செதில் உதிர்ந்து அரிக்கும் வட்டம் பங்கசுப் படையாக இருக்கலாம். அதில் உருளையை ஓட்டினால் படை தலை முழுக்கப் பரவும்.

தலையில் சீழ்க்கொப்புளம், சிரங்கு, சொரியாசிஸ் உள்ளவர்களும், காயம் ஆறும்போது தோல் தடித்துத் தழும்பு எழும்பும் இயல்புள்ளவர்களும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும், வார்பரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும், ஸ்டீரொய்ட் மாத்திரை அல்லது புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும், பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் குடிப்பவர்களும், 18 வயதுக்குக் குறைந்தவர்களும் வீட்டில் இதைச் செய்யவேண்டாம். இவர்களில் பலருக்குக் காயம் ஆறுவது எங்கோ ஓரிடத்தில் தடுமாறும். சந்தேகமிருந்தால் மாவனல்லை ஆதார வைத்தியசாலையில் காட்டி, கண்டிப் பெரியாஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குத் துண்டு வாங்கிப் போகலாம். அரசு ஆஸ்பத்திரியில் அதற்குக் கட்டணம் இல்லை.

வீட்டில் செய்வதானால்

வைத்தியர் இது பரம்பரை மெலிவுதான் என்று சொல்லி, ஊசிக்கும் சம்மதித்தபின் தொடங்குங்கள். வீட்டுக்கு 0.5 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். 1 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் வைத்தியர் கைக்குரியவை. உருளையைவிட முத்திரை போல நேராக அழுத்தும் வகை நல்லது: உருளையின் ஊசி சாய்வாக இறங்கிச் சாய்வாக ஏறும்போது தோலைக் கீறலாம், நீண்ட முடியும் அதில் சிக்கும். மலிவான சில உருளைகளில் தனித்தனி ஊசிகளே இல்லை. பல்லுப் பல்லாக வெட்டிய தகடுகளை அடுக்கியிருப்பார்கள். அவை துளைப்பதற்குப் பதில் கிழிக்கும். உறையில் முத்திரை உடைந்திருந்தாலோ ஊசி வளைந்திருந்தாலோ திருப்பி அனுப்புங்கள்.

இரவு நேரம் வசதி. தலையை ஷாம்பூ போட்டுக் கழுவி எண்ணெய்ப் பசை போக்கி, நன்றாக உலரவிடுங்கள். கருவியின் ஊசிப்பகுதியை 70 சதவீத அல்கஹோலில் பத்து நிமிடம் ஊறவைத்து, துடைக்காமல் காற்றில் உலர்த்துங்கள். கொதிநீரில் போடவேண்டாம், பிளாஸ்டிக் நெளிந்து ஊசி தளரும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மரக்கச் செய்யும் களிம்பு வேண்டாம். அது உடம்புக்குள் அதிகம் சேர்ந்தால் இதயத்தையும் நரம்பையும் பாதிக்கும். வலி சொல்லும் எச்சரிக்கையையும் மறைத்துவிடும்.

முடியை வகிடு வகிடாகப் பிரித்து, மெலிந்த இடத்தில் மட்டும் செய்யுங்கள். முத்திரை வகையானால் ஒருமுறை அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்துக்கு நகர்த்துங்கள். உருளையானால் நெடுக்காக, குறுக்காக, மூலைவாட்டாக, ஒவ்வொரு திசையிலும் நாலைந்து முறை மென்மையாக ஓட்டுங்கள். திசை மாற்றும்போது தோலிலிருந்து முழுதாக எடுத்துவிட்டு மாற்றுங்கள். இலேசான சிவப்பு வந்தால் அதுவே முடிவு. இரத்தம் துளிர்த்தால் அழுத்தம் கூடிவிட்டது என்று பொருள், அன்றைக்கு நிறுத்துங்கள்.

அடுத்த முறை இரண்டு வாரம் கழித்து. தினமும் உருட்டுபவர்கள் தோலை ஆறவிடாமல் நிரந்தர அழற்சியில் வைத்திருக்கிறார்கள். நீடித்த அழற்சி நுண்பையைத் தழும்பாக்கினால், இருந்த முடியும் திரும்பி வராது.

முடிந்ததும் கருவியை ஓடும் நீரில் கழுவி, மறுபடி அல்கஹோலில் ஊறவைத்து, உலர்த்தி மூடிவையுங்கள். எட்டுப் பத்து முறைக்குமேல் ஒரே ஊசியை வைத்திருக்கவேண்டாம். முனை மழுங்கினால் அதற்கு முன்பே விடுங்கள். தூக்கிப்போடும்போது மூடியுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் போத்தலுக்குள் போட்டு மூடுங்கள். லயத்துக் குப்பையைக் கிளறும் பிள்ளையின் கையில் அது ஏறக்கூடாது.

அடுத்த 24 மணி நேரம்

துளைகள் சில மணி நேரத்தில் மூடத் தொடங்கினாலும், ஒரு முழு நாள் தலை திறந்திருப்பதாகவே எண்ணிக்கொள்ளுங்கள். பீலியிலும் மகா ஓயா ஆற்றிலும் அன்று தலை நனைக்கவேண்டாம். வெளியே போகவேண்டியிருந்தால் கழுவிய பருத்தித் துணியால் தளர்வாக மூடுங்கள். வியர்வையில் ஊறிய ஹெல்மெட்டும் பழைய தொப்பியும் வேண்டாம். தலையணை உறையை மாற்றுங்கள்.

நம் வீடுகளில் இயல்பாக வரும் அடுத்த யோசனை எண்ணெய். தேங்காயெண்ணெயோ மூலிகைத் தைலமோ வெங்காயச் சாறோ, துளை விழுந்த தோலில் அன்று படவே கூடாது. தோல்மேல் சும்மா இருக்கும் பொருள் தோலுக்குள் போனால் உடலுக்கு அந்நியம். 2014இல் அமெரிக்காவின் ஒரு தோல் மருத்துவ இதழில் வெளியான அறிக்கை, நுண்ணூசி போட்டபின் முகத்தில் சீரம் பூசிய பெண்களுக்குத் தோலுக்குள் அழற்சிக் கட்டிகள் எழுந்ததைப் பதிவுசெய்தது. மேலே பூசத் தயாரித்த வைட்டமின் சி கூட உள்ளே போனபோது இப்படி ஆனது.

மினொக்சிடிலும் அந்த 24 மணி நேரம் வேண்டாம். இந்த மருந்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையாகத்தான் 1979இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாத்திரை குடித்தவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைக் கண்டே பூசும் திரவம் 1988இல் வந்தது. திறந்த துளைவழி அளவுக்கு மீறி இரத்தத்தில் கலந்தால் தலைச்சுற்றலும் நெஞ்சுப் படபடப்பும் வரலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதைத் தவிர்க்கவேண்டும். பூசத் தொடங்கிய முதல் வாரங்களில் உதிர்வு கூடுவதுண்டு. ஓய்வில் இருந்த முடிகள் புதியவற்றுக்கு இடம் விடுவதால் வருவது அது, பயந்து நிறுத்தவேண்டாம். பூசுவதை விட்டால் சில மாதங்களில் வந்த முடி போய்விடும் என்பதையும் தெரிந்தே தொடங்குங்கள்.

சிவப்பு இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, சூடும் வீக்கமும் பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காதுக்குப் பின்னால் நெறி கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெட்கத்தில் மறைக்காமல், ஊசி உருட்டினேன் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஒரு தலைக்கு ஒரு கருவி

இந்த ஒன்றில் மட்டும் எந்த விட்டுக்கொடுப்பும் கிடையாது. அண்ணன் தம்பியாக இருந்தாலும், கணவன் மனைவியாக இருந்தாலும், அறைத் தோழனாக இருந்தாலும் உருளையைப் பகிரவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத இரத்தம் ஊசி நுனியில் ஒட்டும். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி மூன்றும் அப்படிப் பரவக்கூடியவை. வீட்டில் அல்கஹோலில் ஊறவைப்பது கிருமியைக் குறைக்கும். சத்திரசிகிச்சைக்கூடத்து அளவுக்கு அது தூய்மையாகாது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமமில்லாத அழகுநிலையம் ஒன்றில், இரத்தக்கூறு சேர்த்து நுண்ணூசி போட்டுக்கொண்டவர்களுக்கு எச்ஐவி தொற்றியதை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2024இல் உறுதிசெய்தது. சலூனிலோ பியூட்டி பார்லரிலோ யாராவது இதைச் செய்து தருகிறேன் என்றால், உங்கள் கண்முன்னே புது உறையைப் பிரிக்காதவரை தலையைக் கொடுக்காதீர்கள்.

தொடங்கும் நாளில் உச்சந்தலையை ஒரு படம் எடுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், அதே வகிட்டில் எடுத்துவையுங்கள். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர்தான் வளரும். 3 மாதத்துக்கு முன் எந்த முடிவுக்கும் வரமுடியாது. 6 மாதத்தில் படங்களில் மாற்றம் இல்லையென்றால், நீள ஊசிக்கோ கூடுதல் முறைக்கோ போகாமல் கருவியை வைத்துவிட்டு, படங்களோடு தோல் வைத்தியரைப் பாருங்கள். ஃபினாஸ்டெரைட் மாத்திரை போன்ற வேறு வழிகள் ஆண்களுக்கு உண்டு. அவை உங்களுக்குப் பொருந்துமா என்று அவர் சொல்வார். பலன் தெரிந்தால் அதே ஆழத்தில், அதே இடைவெளியில் தொடருங்கள். கூட்டவேண்டும் என்ற ஆசை வரும்போது, மும்பை வைத்தியர்களே தோல் சிவந்ததும் கையை எடுத்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடமிருந்து வீட்டுக்குக் கொண்டுவரவேண்டிய பாடங்களில் முதன்மையானது அதுதான்.